மாமன் செத்தால் பருத்தி முளைக்கும்

முரிக்காவில் பருத்தி முளைக்கவில்லை. மூன்று மழைக்காலமாக முளைக்கவில்லை. இந்த அதிசயத்தை விளக்க அரசாங்கத்திடம் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று, ஊர்க்காரர்கள் சோம்பேறிகள். மற்றது, மண் சோம்பேறி. முதல் கருத்தைச் சோதிப்பது சுலபம் என்பதால் அதில் தொடங்கினார்கள். போர்த்துகீசியக் கச்சேரியின் சுவரில், சிலுவைக்கும் லிஸ்பனில் இருக்கும் பெரிய தலைவரின் படத்துக்கும் நடுவே, ஓட்டைகள் போட்ட மரமட்டை ஒன்று தொங்கும். அதை எடுத்து ஊரில் எல்லார் உள்ளங்கையிலும் அடித்தார்கள். கைகள் வீங்கின. பருத்தி முளைக்கவில்லை. மண்ணை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கச்சேரியை ஆளும் அல்வரேங்கா துரை வருத்தப்பட்டதாகக் கேள்வி.

உண்மை எல்லா வீட்டு அடுப்பிலும் இருந்தது. பருத்தி வாங்கும் கம்பெனி கட்டாயமாகக் கொடுக்கும் விதையை, நிலக்கடலை வறுப்பதுபோலச் சூடான மணலில் பக்குவமாக வறுத்து, ஆறவைத்து, அப்புறம்தான் வயலுக்குக் கொண்டுபோவார்கள். பார்ப்பதற்கு விதை விதையாகவே இருக்கும். சிப்பாய் நின்று பார்க்கப் பார்க்க, கயிறு பிடித்த வரிசையில் அதை அருமையாக நடுவார்கள். பிறகு அந்த மழையில் நிம்மதியாகச் சோளமும் மரவள்ளியும் போடுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒழுங்காகப் பருத்தி விளைவித்துப் பாராட்டு வாங்கினார்கள். பருத்திக்குக் களை எடுத்ததில் சோளத்துக்குக் களை எடுக்க ஆளில்லாமல், அந்த வருடமே காட்டுக்கிழங்கு தோண்டித் தின்று, தோண்டத் தெம்பில்லாதவர்கள் செத்தும் போனார்கள். முரிக்காவுக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

நான்காம் வருட மழைக்கு முன் நிபுணர் ஒருவர் கண்ணாடிக் குழாய்களோடு வந்தார். மண்ணை முகர்ந்தார், நக்கினார், துப்பினார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு வயலில்கூட இந்த முறையும் முளைக்காவிட்டால், பருத்திக்கு ஆகாத மண் என்று எழுதிக்கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அப்படி எழுதிவிட்டால் விதை மூட்டை இந்தப் பக்கம் வராது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

இந்த நேரம் பார்த்து வஹான்லேயின் மனைவிக்கு மாமன் செத்துப்போனார்.

வஹான்லே வெளியூர்க்காரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆனதும் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வயல் பெண்ணுடையது, வீடு பெண்ணுடையது, வீட்டின் பெரிய மனுஷன் பெண்ணுக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை என்பவன் மண்வெட்டி பிடிக்க ஒரு கை. வஹான்லே நல்லவன். எதைச் சொன்னாலும் ஒருமுறை தலையைச் சொறிந்துவிட்டுச் செய்வான். மனைவி முவனாஷா அவனைப் பொறுத்துக்கொண்டாள். மாமியார் அசீனா, அந்தக் குலத்துக்கே தலைவி, அவனைச் சகித்துக்கொண்டாள்.

செத்தது அசீனாவின் அண்ணன். அரசாங்க ரோடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், மறுநாள் கண்ணை மூடினார். தாய்மாமன் செத்தால் அந்தக் கணமே வீட்டு அடுப்பு அணையும். மொட்டை போடும் நாள்வரை நெருப்பு கிடையாது, உப்பு கிடையாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதுதான் சாப்பாடு. துக்க வீட்டுப் பொருள் எதுவும் நெருப்பைப் பார்க்கக் கூடாது. விதைப்பு நாள் நெருங்கிவிட்டது. கம்பெனி விதை மூலையில் பச்சையாகவே கிடந்தது.

"அத்தே, பக்கத்து வீட்டு அடுப்புல போட்டு வறுத்துத் தரச் சொல்லலாமா?" என்றான் வஹான்லே.

"சாவு வீட்டுப் பொருள் அடுத்தவ நெருப்புக்குப் போனா அங்கயும் ஒண்ணு விழும். உனக்கு ஒரு சாவு பத்தலயா மாப்ள?"

"முளைச்சுத் தொலைச்சுட்டா?"

"குழிய ஆழமா தோண்டு. நீ நட்டது எதுடா இதுவரைக்கும் முளைச்சிருக்கு?"

சிப்பாய் லூக்கா பார்த்துக்கொண்டிருக்க, வஹான்லே முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தான். ஆழ உழவின் அருமை தெரிந்தவன் என்று லூக்கா மெச்சிக்கொண்டான்.

அது முளைத்தது. ஊரே கருத்துக் கிடக்க, அந்த ஒரு வயல் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.  சிப்பாய் கண்ணில் படுவதற்கு முன் வஹான்லே வயலுக்குள் ஆடுகளை ஓட்டிவிட்டான். ஆடுகள் களையை எல்லாம் மேய்ந்துவிட்டுப் பருத்தியைத் தொடாமல் வந்தன. வரிசைக்குப் பாதியைப் பிடுங்கிப் புதைத்தான். மிச்சச் செடிகளுக்குத் தாராளமாக இடம் கிடைத்து அவை இடுப்பளவு வளர்ந்தன. சாகட்டும் என்று அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினான். பூச்சி ஓடிப்போய், காய் வெடித்துவிட்டது.

கிணற்றடியில் பெண்கள் அவன் காதுபடவே பேசினார்கள். "நம்ம எல்லார் கழுத்துக்கும் கயிறு திரிக்கிறான் பாரு, அசீனா வீட்டு மாப்ள" என்றாள் ஒருத்தி. "பருத்தி அவன்கிட்டதான் இருக்கே, திரிக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி. அசீனா வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"என் பொண்ணுக்குப் பிள்ளை கொடுத்தியா? இல்ல. மரவள்ளி வச்சா அழுகுது. கோழி அடைகாத்தா கூமுட்டை. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து உன் கையில முளைச்சது இது ஒண்ணுதான் மாப்ள" என்றாள். வஹான்லே தலையைச் சொறிந்தான்.

லூக்கா பார்த்தான், ஓடினான். கொடி, மேளம், நாற்காலி, நாற்காலியைச் சுமந்த நால்வர் என்று அல்வரேங்கா துரையே வந்து இறங்கினார். கூடவே நிபுணர். ஊரைக் கூட்டி வெயிலில் உட்காரவைத்துத் துரை உரையாற்ற, லூக்கா மொழிபெயர்த்தான்.

"உழைப்பின் இன்பத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவே நாங்கள் கடல் தாண்டி வந்தோம். அந்த இன்பத்தை நாங்களே எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் உங்களுக்கே விட்டுவிட்டோம். உங்கள் உள்ளங்கையில் அடிக்கிறோம் என்றால், அந்தக் கைகள் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். முக்கியமில்லாததை யாராவது மெனக்கெட்டு அடிப்பார்களா? இதோ, உங்களில் ஒருவன் அதைப் புரிந்துகொண்டுவிட்டான்."

வஹான்லேயின் மார்பில் ஒரு தகரப் பதக்கத்தைக் குத்தினார்கள். 'மாதிரி விவசாயி' என்ற அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அந்த அட்டை இருப்பவனைக் கூலியில்லாத அரசாங்க வேலைக்குப் பிடித்துப்போகக் கூடாது. செத்துப்போன சிப்பாய் ஒருவனின் காக்கிக் கோட்டையும் போர்த்தினார்கள்.

"சொல், மாதிரி விவசாயியே," என்றார் நிபுணர். "எல்லாருக்கும் ஒரே விதை, ஒரே மழை, ஒரே மண். நீ மட்டும் என்ன செய்தாய்?"

ஊர் முழுக்க அவன் வாயைப் பார்த்தது. உண்மை என்பது 'வறுக்கவில்லை' என்ற ஒரே சொல். அதைச் சொன்னால் அத்தனை பேர் முதுகும் கிழியும். பொய் சொல்லவும் வஹான்லேக்கு வராது. தலையைச் சொறிந்தான்.

"எங்க வீட்ல சாவுங்க. என் பொஞ்சாதிக்கு மாமன் செத்துட்டாரு" என்றான்.

துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எங்கள் பழக்கவழக்கங்களைப் பற்றி லிஸ்பன் அறிஞர் சபைக்குக் கட்டுரை அனுப்பும் ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தது. "செத்தால் என்ன செய்வீர்கள்?"

"மொட்டை போடுவோங்க. உப்பு சேர்க்க மாட்டோம். ஒப்பாரி வைப்போம்." நிறுத்தியிருக்கலாம். கேட்டால் முழுசாகப் பதில் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். "அடுப்பு மூட்ட மாட்டோங்க."

அசீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

நிபுணர் வெகுநேரம் யோசித்தார். அடுப்புப் புகை விதையின் உயிர்ச்சக்தியைக் கெடுக்கிறது, உப்பு கைவழியாக மண்ணுக்கு இறங்குகிறது, ஒப்பாரியின் அதிர்வு முளையை எழுப்புகிறது என்று கண்டுபிடித்தார். துரை அதற்கும் மேலே போனார். "ஐயா, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. மாமன்" என்றார்.

அப்படியாக அடுத்த விதைப்புக்கு முன் உத்தரவு வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லா ஊர்களும் விதைப்பு முடியும்வரை துக்கம் காக்க வேண்டும். மொட்டை, ஒப்பாரி, உப்பில்லாத உணவு. எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது, சிப்பாய்கள் வீடு வீடாகச் சாம்பலைத் தொட்டுப் பார்ப்பார்கள். மேற்படி வீடுகள் தங்கள் தாய்மாமன்களைக் கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும். இதற்காகத் துரை இரண்டாவது உரை ஆற்றினார்.

"மாமன்களை அரசாங்கம் கொல்லப்போகிறது என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். மனம் வலிக்கிறது. இது நாகரிகமான அரசாங்கம். எந்த மாமனும் கொல்லப்பட மாட்டார். கடற்கரையில் கத்தாழை நார்த் தோட்டம் இருக்கிறது. அங்கே வேலைக்கு அனுப்பப்படுவார்கள். மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும். இயற்கையின் வேலையில் அரசாங்கம் ஒருபோதும் தலையிடாது. மாமன் இல்லாத வீடுகள் கவலைப்பட வேண்டாம். அவற்றுக்கு அரசாங்கமே மாமனாக இருக்கும்."

கூட்டத்தில் அசீனா எழுந்து நின்றாள். "டேய் லூக்கா, அந்த மாமன் எப்ப சாவாருன்னு கேட்டுச் சொல்லு."

"நன்றி சொல்லுது துரை" என்றான் லூக்கா.

வஹான்லே தன் அட்டையை நம்பியிருந்தான். அதில் ஒரு சிக்கல் வந்தது. முரிக்காவில் அவன் மாப்பிள்ளை. ஆற்றுக்கு இதே பக்கம் இருக்கும், அவன் பிறந்த ஊரான நத்தூக்கோவில் அவன் அக்கா லுக்கேயாவின் பிள்ளைகளுக்கு அவன்தான் தாய்மாமன். லுக்கேயாவுக்கும் அவனுக்கும் தாய்மாமன் கிழவர் முலாப்பா. ஒரே வீட்டில் இரண்டு மாமன்கள் அகப்பட்டதைக் கச்சேரியில் உபரி என்று குறித்துக்கொண்டார்கள். வஹான்லே அட்டையை எடுத்து நீட்டினான். துரை அதை இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "அட்டை செல்லும். விவசாயியாக நீ இங்கேயே இருக்கலாம். மாமனாகப் போய்விட்டு வா."

புறப்படும்வரை அவனைச் சும்மா விடவில்லை. துக்கத்துக்கு ஒத்திகை நடந்தது, அவன்தான் பயிற்சியாளன். காக்கிக் கோட்டும் பதக்கமுமாக நின்று, மாமன்கள் உயிரோடு எதிரில் குந்தியிருக்க, பெண்களுக்கு ஒப்பாரி சொல்லிக்கொடுத்தான். லூக்கா பிரம்போடு நடந்து, கண்ணீர் வராதவர்களுக்கு வரவழைத்தான். அடுப்பில்லாமல் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவம் பண்ண முடியாது. பச்சையாகத் தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குக் கால் விழுந்துவிட்டது. அவர்கள் இன்றைக்கும் கையை ஊன்றித்தான் நகர்கிறார்கள், முரிக்காவுக்குப் போனால் பார்க்கலாம். ஒத்திகை திருப்தியாக நடந்ததாகத் துரை மேலிடத்துக்கு எழுதினார்.

ஆனால் சிப்பாய் துக்கத்தில் இல்லை, அரசாங்கத்தில் இருக்கிறான். அவனுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போட வேண்டியது ஊரின் கடமை. ஆகவே சிப்பாயின் கோழிக்காக ஊருக்கு ஓர் அடுப்பு எரியலாம் என்று உத்தரவின் அடியில் சேர்த்திருந்தார்கள். அசீனா அதைக் கேட்டதும் பெரிய மண்சட்டியில் மணலை நிரப்பிக் கோழியை அதற்குள் புதைத்தாள்.

"என்னத்தா இது, கோழிய மண்ணுல போட்டுப் பொரிக்கிற?" என்றான் லூக்கா.

"துக்கத்துல எண்ணெய் ஆகாது தம்பி. இது பெரிய மனுசங்களுக்கு மட்டும் செய்யிற பக்குவம். தலைவர் வந்தா செய்வோம். இப்ப நீ வந்திருக்க."

லூக்கா பல்லில் மணல் நறநறக்கத் தின்றுவிட்டு, இன்னும் ஒன்று கேட்டான். சட்டியின் அடியில் பரீட்சைக்காகப் போட்டிருந்த நிலக்கடலை, பதமாக வறுபட்டிருந்தது. அசீனா ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவனுக்கு அவள் தன் கையால் கொடுத்த முதல் தின்பண்டம் அதுதான்.

மாமன்களைக் கயிற்றில் கோத்துக் கிளப்பியபோது முவனாஷா அழுதாள். அது ஒத்திகை அழுகை இல்லை. அசீனா காய்ந்த மரவள்ளிப் பொட்டலம் ஒன்றை அவன் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"மாப்ள, நல்லா காதுல வாங்கிக்க. இவங்க துக்கத்த எப்படி வேணா ஏமாத்தலாம். நம்ம துக்கத்த ஏமாத்த முடியாது. நீயோ அந்தக் கிழவரோ நெசமா செத்துட்டீங்கன்னு சேதி வந்துச்சுன்னு வையி, உங்க அக்கா வீட்டு விதை எந்தச் சட்டிக்குள்ளயும் போகாது. அது முளைக்கும். மாமன் செத்தா முளைக்குதுன்னு இந்தப் பாவி எழுதிக்குவான். அப்புறம் வருசா வருசம் மாமன் கேப்பான். அதனால விதைச்சு முடியிற வரைக்கும் செத்துகித்துத் தொலையாத."

"சரிங்க அத்தே. முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் உன் இஷ்டம்" என்றவள், போன பிறகும் வெகுநேரம் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். இதை முவனாஷா பின்னால் சொன்னாள்.

கத்தாழைத் தோட்டம் கடற்கரைவரைக்கும் போகிறது. முள் நுனியுள்ள மடலை வெட்டிக் கட்டிச் சுமந்து இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். சாறு பட்ட இடமெல்லாம் புண்ணாகும். மாமன்களை ஒரே கொட்டகையில் அடைத்தார்கள். எல்லா ஊர் மாமன்களுக்கும் வீட்டில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆக, நாடு முழுக்க மனிதர்கள் பிழைக்க ஆசைப்பட்டு உயிரோடு இருந்தார்கள், அந்தக் கொட்டகையில் மட்டும் அரசாங்கத்தை எதிர்த்து உயிரோடு இருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தவனை மற்றவர்கள் திட்டியே எழுப்பினார்கள்.

"என்னய்யா, கண்ணு சொருகுது? வானத்துல ஒரு மேகம் இல்ல. இப்பப் போனேன்னா உன் தங்கச்சி மக்களுக்கு நல்லா இருக்குமா?"

"இருக்கேன்ப்பா, இருக்கேன். சும்மா கண்ண மூடினேன்."

"தொறந்தே வை."

மழை தள்ளிக்கொண்டே போனது. முலாப்பாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. வஹான்லே தன் பங்குக் களியையும் அவருக்கு ஊட்டினான். கிழவர் சிறுவயதில் அவனுக்கு மீன் பிடிக்கக் கற்றுத்தர முயன்று தோற்றவர். "உன் கையில ஒரு மீனும் சிக்காது. பருத்தி மட்டும் எப்படிடா சிக்குச்சு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், இருந்தாலும் கேட்பார்.

மாமன்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்ற செய்தி துரையைக் கலவரப்படுத்தியது. விதைப்பு நெருங்குகிறது, சோதனை கெட்டுவிடும். களியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதன் பலன் எப்படி என்று பார்க்க, நிபுணரைக் கூட்டிக்கொண்டு துரையே தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார் என்று கங்காணி சொன்னான்.

துரை வந்த அன்று விடியலில் முலாப்பா போய்விட்டார். "டேய், மேகம் வந்துருச்சா?" என்று கேட்டார். "வந்துருச்சு மாமா" என்று வஹான்லே பொய் சொன்னான். அவன் சொன்ன முதல் பொய். அது கிழவரை விடுவித்துவிட்டது.

கொட்டகையில் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் வந்தால் கங்காணிக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் நத்தூக்கோவுக்கு ஆள் ஓடும். சாவு விழாத ஊர்களில் அழாதவர்களைப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பெற்ற தகப்பனுக்கும் மேலான மாமனை மடியில் கிடத்திக்கொண்டு, வஹான்லே காக்கிக் கோட்டின் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கோட்டைக் கழற்றிக் கிழவருக்குப் போட்டான். முதுகுக்குள் கொட்டகைக் கம்பு ஒன்றைச் செருகி நார்க்கயிற்றால் இறுக்கி, வரிசையில் நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் வஹான்லே, அந்தப் பக்கம் இன்னொரு மாமன், இருவரும் கிழவரைத் தோளோடு தோள் அணைத்துக்கொண்டார்கள்.

பெயர் கூப்பிட்டார்கள். "முலாப்பா!"

"இருக்கேன்" என்றான் வஹான்லே, அடிக்குரலில், ஓர் இருமலும் சேர்த்து.

துரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இவர்கள் உடம்பு தேறிவருவது கவலைக்குரியது" என்றார் நிபுணரிடம். முலாப்பாவின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"இவனைப் பாருங்கள். மற்றவர்கள் தள்ளாடுகிறார்கள், சொறிகிறார்கள், மூக்கை உறிஞ்சுகிறார்கள். இவன் எப்படி நிற்கிறான்! பார்வையில் எதிர்ப்பு இல்லை. முகத்தில் ஆசை இல்லை. எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடமாக இந்த மக்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இது ஒன்றைத்தான்."

பையிலிருந்து பதக்கம் ஒன்றை எடுத்துத் தானே குத்தினார். ஊசி கோட்டைத் தாண்டிச் சதைக்குள் போனது. கிழவர் அசையவில்லை. துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "வீரன்" என்றார். இரண்டு விரலால் அவர் கன்னத்தைத் தட்டினார். "குளிர்ச்சியான தேகம். காய்ச்சல் துளியும் இல்லை" என்று நிபுணர் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் கத்தாழை வரிசைகளுக்கு நடுவில் கிழவரைப் பதக்கத்தோடு புதைத்தார்கள். வழக்கப்படி தூவ ஒரு பிடி சோளமாவு இல்லை. அசீனா கொடுத்த மரவள்ளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை நொறுக்கித் தூவினான். பாட்டில்லை, அழுகையில்லை. அன்றிலிருந்து, விதைத்து முடிந்தது என்ற செய்தி வரும்வரை, முலாப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் ஆள் மாற்றி ஆள் இருமினார்கள்.

மழை வந்தது. சட்டி சட்டியாக மணல்கோழி வெந்தது, அடியில் விதையும் வறுபட்டது. சிப்பாய்களுக்குப் பல் தேய்ந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வயலில் ஒரு செடி முளைக்கவில்லை, மாதிரி விவசாயியின் வயலிலும் முளைக்கவில்லை. நிபுணர் பருத்திக்கு ஆகாத மண் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, நக்கிய மண்ணால் வந்த வயிற்றுப்போக்கோடு ஊர் திரும்பினார். துரை தோட்டத்துக்கு வந்து மாமன்களுக்குக் கடைசி உரை ஆற்றினார்.

"உங்களிடம் அரசாங்கம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட ஒருவனாலும் செய்ய முடியவில்லை. நன்றிகெட்டவர்கள். போங்கள்."

அவிழ்த்துவிடும்போது ஓர் ஆள் குறைந்தது. முலாப்பா தப்பியோடிவிட்டான், பதக்கத்தைப் பறிமுதல் செய்யவும் என்று உத்தரவு எழுதினார்கள்.

வஹான்லே முரிக்காவுக்குப் போகவில்லை. நேராக நத்தூக்கோவுக்கு நடந்தான். லுக்கேயா களி கிண்டிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் சிரித்தாள். பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"மாமா எங்கடா?"

"மழைக்கு முன்னயே போயிட்டாருக்கா. சொல்ல முடியல."

அகப்பையை வைத்துவிட்டு, குடத்தை எடுத்து அடுப்பில் தண்ணீரைக் கவிழ்த்தாள். அப்புறம்தான் குரலெடுத்து அழுதாள். வஹான்லேயும் அழுதான். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுதான்.

அழுகை கேட்டு, நத்தூக்கோவுக்கும் சிப்பாயான லூக்கா மட்டையோடு வந்து சேர்ந்தான். கோழியில் பழகியவன் என்பதால் தன்மையாகவே சொன்னான்.

"அக்கா, அழாத. புது உத்தரவு. துக்கம் காத்ததாலதான் பருத்தி கெட்டுப்போச்சாம். அடுத்து ஆமணக்கு வரப்போகுது. இனிமே எந்த வீட்லயும் துக்கம் கூடாது. புகை வராத வீட்டுக்கு மட்டை. எந்திரிச்சு அடுப்ப மூட்டு."

லுக்கேயா ஈரச் சாம்பலைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள்.

"அடி."

பக்கத்தில் உட்கார்ந்து வஹான்லேயும் கைகளை நீட்டினான்.

"உனக்கு எதுக்குய்யா? நீ மாதிரி விவசாயி. அட்டை வச்சிருக்க" என்றான் லூக்கா.

"விவசாயியா நீட்டல. எங்க மாமாவுக்கு மருமகனா நீட்டறேன்."

லூக்கா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். உத்தரவில் அதற்கு விலக்கு எதுவும் இல்லை. அக்காவில் தொடங்கி இருவரையும் அடித்தான். மட்டைச் சத்தம் கேட்டு அண்டை வீட்டுப் பெண்கள் வந்து அவர்களைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தார்கள். மொட்டை போடும் நாள்வரை அந்த வீட்டில் புகை வரவில்லை.